ஏழாவது நிமிடத்துக் கிண்ணம்

ஜூன் 3, செவ்வாய்

நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக அலமாரியில் கிடந்ததற்கு இன்றுதான் வேலை வந்திருக்கிறது. நேற்று கோயம்புத்தூரில் 'சேனல் வளர்ப்பது எப்படி' என்று ஒருநாள் வகுப்பு. நடத்தியவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், காதில் கடுக்கன் வேறு. தினமும் என்ன போட்டீர்கள், எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த இடத்தில் எழுந்து ஓடினார்கள் என்று எழுதி வையுங்கள் என்றான். சரி, எழுதுகிறேன்.

சேனல் பெயர்: வாணி வீட்டுச் சமையல். ஊர் பவானி. சமைப்பது என் மனைவி கோகிலவாணி. கேமரா, லைட், எடிட்டிங் எல்லாம் சென்னியப்பன் ஆகிய நான். பத்தொன்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்த கை இது. பெண்ணின் அம்மா கண் கலங்கும் அந்த நொடியைப் பிடிக்க ஈரோடு ஜில்லாவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. முகத்தில் ஒரு சுருக்கம் விழும்போதே ஜூம் போயிருப்பேன். இப்போதெல்லாம் ட்ரோன் வைத்திருக்கிறவனைத்தான் கூப்பிடுகிறார்கள். போகட்டும்.

சப்ஸ்கிரைபர் 1,140. நேற்றைய கொள்ளு ரசம் 212 வியூஸ். அதில் இருபது நானே பார்த்தது.

ஜூன் 5, வியாழன்

கடுக்கன்காரன் சொன்னதில் முக்கியமானதை எழுதி வைக்கிறேன். வீடியோவை மேலே ஏற்றுவதும் கீழே தள்ளுவதும் மனுஷன் இல்லை, மெஷின். எத்தனை பேர் தொட்டார்கள், தொட்டவர்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் கீழே எழுதினார்கள், இதுதான் அதற்குத் தெரியும். பாராட்டி எழுதினானா, காறித் துப்பினானா என்பது அதற்குத் தெரியாது. கேள்வி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும், போட்டால் வீடியோ கீழே இறங்காமல் நிற்கும்.

இந்தக் கடைசி வேலையை மட்டும் வாணி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எல்லோருக்கும் பதில் எழுதுவாள். தோஹாவில் சுகந்தி என்று ஓர் அம்மா, சொந்த ஊர் கோபி. அவர் பத்து வரி எழுதினால் இவளும் பத்து வரி. ஊர்ப்பட்ட கதை.

"மொத்தம் நாப்பது பேருக்குப் போய் இத்தனை நேரமா?" என்றேன்.

"எத்தனை பேருன்னு எதுக்குங்க? அந்தக்கா நம்ம ரசத்தை வெச்சுப் பாத்து, அவங்க ஊட்டுக்காரருக்குச் சளி போயிருச்சாம். அது போதாதுங்களா?"

போதும், போதும். மெஷினிடம் போய் அதைச் சொல்.

ஜூன் 9, திங்கள்

பச்சைப்பயறு கடைசல். 190 பேர்.

சுகந்தியின் கமெண்ட்: 'எல்லா வீடியோலயும் சமைச்சு முடிச்சதும் மொதல்ல ஒரு சின்னக் கிண்ணத்துல எடுத்துத் தனியா வெக்கறியே கண்ணு, அது யாருக்கு?' வாணி பதில் போட்டிருக்கிறாள்: 'அது ஒரு விருந்தாளிக்குங்க அக்கா.'

என் அம்மாவிடம் அது காக்காய்க்கு என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவள் அம்மா, சாமிக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பின்கட்டில் உட்கார்ந்து வாணியே அதைச் சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்ப்பாள். ஓரத்தில் கிளி செதுக்கிய எவர்சில்வர் கிண்ணம். ஈரோட்டில் நான் வாங்கியது. அதைப் பற்றி எழுத இங்கே ஒன்றும் இல்லை.

ஜூன் 14, சனி

கேஸ் தீர்ந்துவிட்டது. வீடியோ இல்லை.

ஜூன் 16, திங்கள்

அரிசிம்பருப்புச் சாதம். மூன்றாவது தடவையாக எடுக்கும்போது அடிப்பிடித்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, பத்து நிமிசமா தீயுற வாசம் வருது, மூக்கு இல்லையா உனக்கு? பொழைக்கிற பொழப்பு இதொண்ணு, அதையும் கரிச்சுப்போட்டியா?" என்று கத்திவிட்டேன். அவள் கரண்டியால் அடியைச் சுரண்டினாள். மேலாகக் கொஞ்சம் எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். வெட்டி எடுக்கச் சோம்பலாக இருந்தது. அப்படியே ஏற்றிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

84,000.

தப்பாக எழுதவில்லை. எண்பத்து நான்காயிரம். கமெண்ட் மட்டும் ஆயிரத்து இருநூறு. 'அந்தாளு கையில கரண்டியக் குடுத்து ஒரு நாள் செய்யச் சொல்லுங்க.' 'இவனெல்லாம் ஆம்பளையா?' 'அக்கா, நீங்க அழாதீங்க.' நடுவில் நாலு பேர் எனக்கு ஆதரவு, அவர்களை அடிக்க நாற்பது பேர். 'அரிசிம்பருப்பு' என்று தேடினால் மூன்றாவதாக நாம்! பெரிய பெரிய சமையல்காரர்களெல்லாம் நமக்குக் கீழே.

வாணிக்கு ஓடிப்போய்க் காட்டினேன். "என்னைத் திட்டுனதைப் பாக்கவாங்க இத்தனை பேரு வந்தாங்க?" என்றாள். எதைச் சொன்னாலும் அதில் ஒரு நொட்டை.

ஜூன் 21, சனி

தக்காளிக் குழம்பு. உப்பு அதிகம் என்று கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. முன்கூட்டிச் சொன்னால் நடிப்பாள், முகத்தில் வராது, அதனால் சொல்லவில்லை. 1,30,000.

ஜூன் 30, திங்கள்

இறங்குகிறது. 22,000. 'எல்லாம் செட்டப்பு' என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். கமெண்டில் சண்டையே இல்லை, எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எதிர்த்துப் பேச நாலு பேர் இருந்தால்தானே களை கட்டும்?

ஜூலை 2, புதன்

பழைய ஃபோனைத் தூசு தட்டிச் சார்ஜ் போட்டேன். சும்மா கிடக்கிறது, எதற்காவது ஆகும். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

ஜூலை 5, சனி

புதிதாக நாலு பேர் கமெண்டுக்கு வந்திருக்கிறார்கள். 'நேர்மை நெஞ்சம்' என்று ஒருவர் பிரமாதமாகக் கொளுத்திப் போடுகிறார். 'இந்தம்மா கை கழுவாமயே சமைக்குது, கவனிச்சீங்களா?' அவ்வளவுதான், அறுநூறு பேர் பாய்ந்துவிட்டார்கள். வீடியோ மேலே போய்விட்டது.

இன்று படம் எடுக்கும்போது வாணி மூன்று தடவை கை கழுவினாள். ஒவ்வொரு தடவையும் கையைத் திருப்பிக் கேமராவுக்குக் காட்டினாள். கழுவுவதை எல்லாம் எவன் பார்ப்பான்? வெட்டிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

"நிறுத்திக்கலாமுங்க" என்கிறாள். "முன்னெல்லாம் ஃபோனைத் தொறந்தா யாரோ ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். இப்ப தொறக்கவே பயமா இருக்குதுங்க. அந்த நேர்மை நெஞ்சங்கறவனுக்கு நான் என்னங்க பண்ணுனேன்?"

"ஊர் வாய்க்கெல்லாம் காது குடுத்தா முடியுமா? படிக்காதே" என்றேன்.

"எனக்குன்னு எழுதுனதை நான் படிக்காம வேற யாருங்க படிப்பாங்க?"

நல்லவேளையாகச் சுகந்தியம்மா களத்தில் இறங்கியிருக்கிறார். நேர்மை நெஞ்சத்துக்குப் பதினான்கு வரியில் பதில், அதற்கு முந்நூறு லைக். அந்த அம்மா தினமும் இப்படி எழுதினால் எனக்கு வேறு ஆளே வேண்டாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இன்று ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். யார் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று ஒரு கோடு வரும். முதல் நிமிடத்தில் உயரத்தில் தொடங்கிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போகும். நம் எல்லா வீடியோவிலும் ஏழாவது நிமிடம் வந்ததும் அந்தக் கோடு திடீரென்று எழுந்து நிற்கிறது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

ஏழாவது நிமிடத்தில்தான் அவள் கிண்ணத்தை எடுத்து வைக்கிறாள்.

கமெண்டில் எண்ணிப் பார்த்தேன். 'கிண்ணம் யாருக்கு' என்று மட்டும் நானூற்றுப் பதினெட்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தங்கச் சுரங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு உப்பு, புளி என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கேட்டேன். மாட்டேன் என்றாள்.

எவ்வளவோ பக்குவமாகச் சொன்னேன். "ரெண்டே நிமிசம் பேசு போதும். ஊர்ல எத்தனை பொம்பளைகளுக்கு இந்த மாதிரி நடந்திருக்கு, அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்குமில்ல?"

"அது நம்ம ரெண்டு பேருத்துக்குள்ளீங்க. எங்கம்மாகிட்டக் கூட நான் சொன்னதில்லை. அதை மட்டும் உட்ருங்க."

கையெடுத்துக் கும்பிட்டாள். கட்டின புருஷனைப் போய்க் கும்பிட்டால் என்ன அர்த்தம்? நான் என்ன அவ்வளவு கொடுமைக்காரனா?

ஜூலை 24, வியாழன்

காலை 10.40க்கு நேர்மை நெஞ்சம் ஒரு கமெண்ட் போட்டிருக்கிறார்:

'கிண்ணம் யாருக்குன்னு கேக்கறீங்களே, நான் சொல்றேன். ஏழு வருசம் முன்னாடி இந்தம்மாவுக்கு ஆறாம் மாசத்துல செத்துப் பொறந்த புள்ளைக்கு. புள்ளைக்குன்னு வாங்குன கிண்ணம் அது. செத்ததுக்குப் படைச்சுட்டு மிச்சத்தைத்தான் நமக்குச் சமையல்னு காட்டறாங்க.'

யாரென்று தெரியவில்லை. இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க வேண்டாம்தான். முதலில் 'பிணத்துக்கு' என்று இருந்தது, பிறகு 'செத்ததுக்கு' என்று மாற்றியிருக்கிறார். அந்த அளவுக்காவது மனசு இருக்கிறது. மத்தியானத்துக்குள் மூவாயிரம் கமெண்ட்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. வாணி கோயிலுக்குப் போகவில்லை. கண்ணாடியைப் போட்டபடியே சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஃபோன் மடியில் இருந்தது.

"ஏனுங்க, அந்தக் கிண்ணம் யாருக்குன்னு இந்த ஒலகத்துல எத்தனை பேருக்குத் தெரியும்?"

"நீ யார்கிட்டயாவது சொல்லியிருப்பே. பொம்பளைக வாய்ல எது நிக்குது?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு கத்துக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினாள். "பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கக் கூடாது, உங்கம்மா பாத்தா திட்டுவாங்கன்னு சட்டைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தீங்க. கிளி பாரு, கிளி பாருன்னு என் வயித்துக்கிட்ட வெச்சுக் காட்டுனீங்க. நெனப்பிருக்குதுங்களா?"

நினைவில்லை என்றேன்.

இருக்கிறது. பேப்பரில் சுற்றிக் கொடுத்தான் கடைக்காரன். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் நெஞ்சில் சில்லென்று இருந்தது.

ஐடியை ஹேக் செய்வது, ஒட்டுக் கேட்பது என்று இந்தக் காலத்தில் என்னென்னவோ இருக்கிறது. யார் கண்டது? பழைய ஃபோனைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

"ஆடிப்பெருக்குக்கு எடுக்கலாமுங்க" என்று அவளே வந்து சொன்னாள்! கலந்த சாதம் எல்லாம் செய்கிறாளாம். "கிண்ணத்தைப் பத்தியும் நானே சொல்றேன்" என்றாள். ஆற அமர யோசித்தால் அவளுக்கே புரிகிறது பாருங்கள். இதற்குப் போய் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று லைட்டையும் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புளிசாதம், தேங்காய்ச்சாதம், எலுமிச்சம்பழச்சாதம் எல்லாம் ஆயிற்று. அடிப்பிடிக்கவில்லை, உப்பு மாறவில்லை. நான் ஒன்றும் கத்தவும் இல்லை. கிளிக் கிண்ணத்தை எடுத்தாள். சாதம் வைக்கவில்லை. வெறும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவள் நேராகக் கேமராவைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு சொல்லியும் பார்க்காதவள்.

"இது யாருக்குன்னு ஒருத்தரு எழுதியிருந்தீங்க. சரியாத்தான் எழுதியிருக்கறீங்க. என் புள்ளைக்குத்தான். ஆனா அது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நானு. இன்னொருத்தரு இப்பக் கேமராவுக்குப் பின்னால நிக்கறாரு." அப்புறம், "எல்லாரும் சாப்புடுங்க. நான் வர்றனுங்க" என்றாள். உதடு கோணிற்று.

ஜூம் போனேன்.

நானாகப் போகவில்லை. கை போயிற்று. பத்தொன்பது வருஷப் பழக்கம். கண்ணிலிருந்து அது இறங்கி மோவாய் வரைக்கும் போனதை ஃபோகஸ் விடாமல் பிடித்திருக்கிறேன். என் வாழ்நாளில் எடுத்ததிலேயே சுத்தமான ஷாட்.

அவள் கிண்ணத்தைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தியூர் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கேமராவை நிறுத்தியபோது பார்த்தேன், வாசல் கதவு திறந்தே கிடந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக் கூடுதுறையில் கூட்டம், தெருவெல்லாம் ஒரே சத்தம். நான் வீட்டில் எடிட்டிங்.

அவள் பேசியதை வெட்டிவிட்டு வெறும் சமையலாகப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சத்தியமாக. வெட்டிப் பார்த்தால் வீடியோவில் ஒன்றுமே இல்லை. யார் வீட்டிலும் செய்கிற புளிசாதம். திட்டு விழப்போவது எனக்குத்தானே, அவளுக்கு ஒன்றும் இல்லையே? ஒரு விதத்தில் பார்த்தால் இது என் தியாகம். தலைப்பு: 'கிண்ணம் யாருக்கு? உண்மையை உடைத்த வாணி'. முகப்பில் தெரியும் தம்ப்நெயில் படத்துக்கு அந்த மோவாய்ச் சொட்டு. காலை 11க்கு ஏற்றினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

6,40,000. 'ஆடிப்பெருக்கு சாதம்' என்று தேடினால் முதலில் வருவது நாம். முதலிடம்! எலுமிச்சம்பழச்சாதத்துக்கு எத்தனை பழம் பிழிய வேண்டும் என்று பார்க்க வருகிறவர்கள்கூட அழுதுவிட்டுப் போகிறார்கள். என்னை எழுதாத வார்த்தை இல்லை. என் அம்மாவையும் சேர்த்து எழுதுகிறார்கள். அது தெரியாமல் ஒவ்வொருவனும் நம்மை ஒரு படி மேலே தூக்கிவிடுகிறான்.

சாயங்காலம் மச்சான் பொன்னுசாமி கூப்பிட்டார். அண்ணன்காரர், கையை முறுக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவர் குரலே எழும்பவில்லை.

"மாப்ள, அந்த வீடியோவ எடுத்துப்போடுங்க. எங்க போனாலும் அவ மூஞ்சியத்தான் ஃபோன்ல பாத்துட்டு இருக்கறாங்க. பால் ஊத்தறவன்கூட கிண்ணத்தைப் பத்திக் கேக்கறான். அவ வேற ஒண்ணும் கேக்கல. அதை எடுத்துட்டா வந்து பேசறேங்கறா."

"எடுத்துர்றேன் மச்சான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நீக்கப் போனேன். 'நிச்சயமாக நீக்கவா? திரும்பப் பெற முடியாது' என்று கேட்டது. அப்போது 8,90,000. பத்து லட்சத்துக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான். இந்த ஜென்மத்தில் இன்னொரு பத்து லட்சம் எனக்கு வரப்போகிறதா? அதைத் தொட்டதும் எடுத்துவிடலாம். ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடப்போகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

10,00,000. அந்த எண் மாறும்போது ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். காட்ட ஆள் இல்லை. தோசை ஊற்றினேன், பிய்ந்துவிட்டது.

மச்சான் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. நாளைக்கு நீக்கிவிட்டு நானே கூப்பிடலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

11,20,000. வேகம் குறைகிறது. இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டோம். நேற்று நீக்கியிருந்தால் முதலிடத்திலேயே இருந்து நீக்கியதாக இருந்திருக்கும். இப்போது நீக்கினால் தோற்றுப்போய் நீக்கிய மாதிரி ஆகிவிடும்.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டாம் இடம். காலை 9.05க்குச் சுகந்தியின் கமெண்ட். கிண்ணத்தைப் பற்றி அந்தக் கமெண்ட் வந்த நாளிலிருந்து அவர் எழுதவே இல்லை.

'வாணி கண்ணு, இந்த வீடியோவத் தொறக்கவே கூடாதுன்னு இருந்தேன். நான் பாத்தாலும் ஒண்ணு கூடும், எழுதுனாலும் ஒண்ணு கூடும்னு எம்பொண்ணு சொன்னா. மனசு கேக்கல. உனக்குன்னு எழுத எனக்கு வேற எடமும் தெரியல. நீ நல்லா இருக்கியா? எங்க இருக்கறே? ஒரே ஒரு வார்த்தை சொல்லு கண்ணு.'

மணி பார்த்தேன். 9.47. கேள்வி வந்து நாற்பத்திரண்டு நிமிடம் ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் போனால் வீடியோ இறங்காமல் நிற்கும். சேனலில் பதில் போட்டால் வாணி பெயரில்தான் போகும்.

அவளை மாதிரியே 'ங்க' சேர்த்து எழுதினேன்: 'நல்லா இருக்கறனுங்க அக்கா. வீடியோவ எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க.' ஓர் இதயமும் போட்டேன்.

அவளானால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட மத்தியானம் முழுக்க ஆகியிருக்கும். எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.